பிள்ளை கேட்ட பாலும் பெற்றோர் சொன்ன பதிலும்

தீபாவளி முற்பணம் கைக்கு வருமுன்னரே அதற்குரிய செலவுகள் வரிசையாக வந்து நின்றுவிடுவது தோட்டத்து மக்கள் அறியாத விடயமன்று. புதுத்துணி, பலகாரச் சாமான், கடைக்கடன் என்ற அந்த வரிசையிலே இன்று வீடியோ விளையாட்டுக் கருவியும் சேர்ந்துள்ளது. கொழும்பிலுள்ள மாமா வீட்டிலே ஒருநாள் விளையாடிப் பார்த்த பிள்ளை, லயத்துக்குத் திரும்பியதும் "எங்களுக்கும் ஒன்று வாங்குவோம்" என்கிறது. வாங்கிக் கொடுப்பதா, மறுப்பதா?

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 499 டொலர். 2024இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 300 ரூபாயாக இருந்த கணக்கின்படி அது 1,50,000 ரூபாய். வரியும் கடைக்காரர் இலாபமும் வேறு. அதே ஆண்டு செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமோ 1350 ரூபாய். ஆகவே 110 நாட்களுக்கு மேல் முழுப்பேர் விழவேண்டும். அரைப்பேர் விழும் நாட்களை நினைத்தால் கணக்கு இன்னும் நீளும்.

இந்தக் கணக்கைப் பெரும்பாலான தந்தையர் பிள்ளையிடம் சொல்வதில்லை. "அது கெட்ட சாமான், கண் போய்விடும், படிப்பும் போய்விடும்" என்று சொல்லி முடித்துவிடுகின்றனர்.

அதில் உண்மையே இல்லையென்று கூறமுடியாது. கட்டுமீறிய விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலிலே சேர்த்தது. ஆனால் அது பேசுவது, பொதுவாகப் பன்னிரண்டு மாதமளவேனும் தன்னைக் கட்டுப்படுத்த இயலாது தவிப்பவரைப் பற்றியே. விளையாடுகின்ற எல்லாப் பிள்ளைகளையும் பற்றியன்று. இருக்கட்டும். பணமில்லை என்பதே காரணமாயிருக்க, நோயைக் காரணம் காட்டுவது முறைதானா?

அடுத்த தீபாவளிக்கு மாமாவே அக்கருவியை வாங்கி வந்தால் கெட்ட சாமான் ஒரே இரவில் நல்ல சாமானாகிவிடும்! பிள்ளை அதைக் கவனியாதிருக்குமா? 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடத்துக்கென்று கடன்பட்டு வாங்கிய கைத்தொலைபேசியில், பின்னர் வீட்டிலுள்ளோர் எதையெல்லாம் பார்த்தனர் என்பதையும் அது கண்டேயிருக்கும். நாளை போதைப்பாக்கைத் தொடாதே என்று அதே தந்தை மெய்யாகவே எச்சரிக்கும்போது, அச்சொல்லையும் பிள்ளை பழைய கணக்கிலே வைத்துவிடக்கூடும். உண்மையில் அஞ்சவேண்டியது இதற்கே.

சைவ அன்பர் யாவரும் அறிந்த உபமன்யுவின் கதையும் இவ்வாறே தொடங்குகிறது. வியாக்கிரபாத முனிவரின் மைந்தனாகிய அச்சிறுவன், உறவினர் வீட்டு வேள்வியிலே ஒருமுறை பால் அருந்தினான். ஆச்சிரமத்துக்குத் திரும்பியதும் பால் கேட்டான். வறுமைப்பட்ட தாய் மாவைத் தண்ணீரிலே கரைத்து, பால் என்று சொல்லிக் கொடுத்தாள். ஒருமுறை சுவைத்த நாவல்லவா? இது பாலன்று என்று அவன் கண்டுகொண்டான். மகாபாரதம் கூறும் வரலாற்றிலே, அதன் பின் அத்தாய் மகனை அணைத்து, காட்டிலே வாழும் தங்களுக்குப் பால் ஏது என்று உள்ளதைச் சொல்கிறாள். சிவனருளாலன்றி அது கிட்டாது என்கிறாள். சிவபெருமான் பாற்கடலை ஈந்ததையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் அவன் தவத்துக்குப் புறப்பட்டது மாக்கரைசலைக் குடித்தல்ல, தாயின் மெய்ச்சொல்லைக் கேட்ட பின்பே.

வறுமையைச் சொன்னால் பிஞ்சு மனம் ஒடிந்துவிடும் என்பர் சிலர். அந்த அச்சம் தாய்மனத்துக்கு இயல்பே. ஆயினும் அட்டை கடித்த கால்களோடு கொழுந்து மலையிலிருந்து இறங்கும் தாயை நாள்தோறும் காணும் பிள்ளைக்கு வறுமை புதுச்செய்தியா? "உன்னால்தான் இந்தக் கடன்" என்று சுமத்துவது வேறு, "இவ்வளவே இருக்கிறது" என்று சொல்வது வேறு. வெளிநாட்டு வீட்டுவேலைக்குச் சென்ற தாய் அனுப்பும் பணத்தால் வாங்கக்கூடிய குடும்பத்திலும் இதே நேர்மை வேண்டும். அங்கே பிள்ளை கேட்பது கருவியைத்தானா என்பதையும் விசாரிக்கவேண்டியிருக்கும்.

உண்மை தெரிந்த பிள்ளை தானும் யோசிக்கும். பழைய கருவியொன்று போதுமா, சீட்டுப் பிடிக்கலாமா, சாதாரண தரப் பரீட்சை முடியட்டுமா என்று அதுவே கேட்கலாம். அதற்கு முதலில் மாதச் சம்பளச் சீட்டை அதன் கையிலே கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். சேமலாப நிதி, முற்பணம் ஆகியவற்றோடு, சில தோட்டங்களிலே கோயிலுக்கெனக் கழிக்கப்படும் தொகையும் அதிலிருக்கும். அதையும் மறைக்க வேண்டியதில்லை.