பெண்பூ கொடுக்காத கூலி

மலாக்காவின் செங் சன்னாசிமலையில் மாசி மகக் காவடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். "நீ இதைக் கொடு, நான் இதைச் செய்கிறேன்" என்று சாமியிடம் பேசுவது பக்தியா, வியாபாரமா? பாச்சாங்கில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது பூவையும் தேனீயையும் சாட்சிக்கு இழுப்பார்கள். பூ தேன் கொடுக்கிறது, தேனீ மகரந்தம் சுமக்கிறது, ஆண்டவன் படைப்பே கொடுக்கல் வாங்கல்தான் என்பார்கள்.

நான் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். செம்பனைப் பூவில் தேனே கிடையாது.

ஒரே மரத்தில் ஆண்குலையும் பெண்குலையும் மாறி மாறி வரும். ஆண்குலை விரல் விரலாக நீண்டிருக்கும். மலர்ந்துவிட்டால் கிட்டே போகும்போதே சோம்பு வாசம் தூக்கும், தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். எழுபதுகளில் ஜாசின் பக்கத் தோட்டமொன்றில் என் அம்மாவுக்கு அந்தத் தூளோடுதான் பிழைப்பு. விடியற்காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து முடிந்ததும், மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவார். முள் மட்டைகளை விலக்கி, மலர்ந்த பெண்குலையைத் தேடி ஊத வேண்டும். வெளுத்த சூல்முடி சிவந்து கறுத்துவிட்டால் ஊதியும் பயனில்லை. எந்தக் குலை இன்று, எந்தக் குலை நாளை என்று அம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்வார்.

செம்பனையில் மகரந்தம் சேர்ப்பது காற்றுதான் என்று அதிகாரிகள் வெகுகாலம் நம்பினார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஆராய்ந்த ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர், அங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு சின்னக் கூன்வண்டு என்று கண்டார். 1981இல் அதை இங்கே மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சீக்கிரமே அது தோட்டமெல்லாம் பரவியது. மகரந்தம் ஊதும் வேலை போனது.

அந்த வண்டு வாழ்வது ஆண்குலையில். அங்கேதான் தின்கிறது, முட்டையிடுகிறது. மலர்ந்து ஓய்ந்த பூவைத் தின்று புழு வளர்கிறது. பெண்குலையும் அதே சோம்பு வாசத்தை வீசி வண்டை அழைக்கும். நம்பி வருகிற வண்டுக்கு அங்கே தீனியும் இல்லை, குஞ்சு வளர இடமும் இல்லை. உடம்பில் ஒட்டிய தூளை உதிர்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறது.

இதை வஞ்சகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓரிடத்தில் உண்டதற்கு இன்னோரிடத்தில் உழைக்கிறது, அவ்வளவுதான். கொடுத்த வாசலிலேயே கைம்மாறு வர வேண்டும் என்ற விதி படைப்பில் இல்லை. இந்த வண்டைப் பார்த்த பிறகு பூவையும் தேனீயையும் காட்டி நேர்த்திக்கடனுக்கு நியாயம் சொல்வதை நான் ஏற்பதில்லை.

ஆனால் மனிதர் விஷயத்தில் இதே சமாதானத்தைச் சொல்லிவிடக் கூடாது. மரம் வண்டுக்குச் சோறும் போடுகிறது, வேலையும் வாங்குகிறது. கணக்கு அதற்குள்ளேயே தீர்ந்துவிடும். அம்மாவும் மற்றப் பெண்களும் ஊதிய மகரந்தம் எத்தனையோ பேருக்குக் காசானது. அவர்களுக்குக் கிடைத்தது நாள்கூலி. எங்கோ ஒரு வாசலில் அவர்களுக்குத் தானாகவே கைம்மாறு வந்து சேரும் என்று நான் நம்பவில்லை. யாராவது முன்வந்து கொடுத்தால்தான் உண்டு.

அந்த வேலை செய்த பாட்டிமார்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மலர்ந்த குலையை எப்படி அடையாளம் கண்டார்கள், ஒரு நாளைக்கு என்ன கூலி வாங்கினார்கள் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். சொல்வதை அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள்.