நெகிழ்வுப் பணிமுறையும் கற்பித்தற் கடமையும்

2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தபோது, பெங்களூரு, ஐதராபாத் முதலிய நகரங்களின் மென்பொருள் நிறுவனங்கள் வீட்டிலிருந்து பணிபுரியும் முறையைப் பரவலாக மேற்கொண்டன. முடக்கம் நீங்கிய பின்னரும் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்னும் கலப்புமுறை பல நிறுவனங்களில் தொடர்ந்தது. குழந்தை வளர்க்கும் பெற்றோர்க்கும் நெடுந்தொலைவிலிருந்து வருவோர்க்கும் இது நியாயமான உரிமை என்பதில் ஐயமில்லை. எனினும், மூத்தோரின் இவ்வுரிமையால் பட்டம் பெற்று முதன்முதலாகப் பணியேற்கும் இளைஞர் இழப்பது யாது என்பது அறவியல் வினாவாகும்.

கல்வி நிறைவுறும் முறையை வரையறுக்கும் நன்னூற் பொதுப்பாயிரம் இவ்வினாவிற்கு ஒளி தருகிறது. ஆசிரியர் உரைத்ததை அமைவுறக் கேட்டாலும் மாணாக்கர் பெறுவது காற்கூறே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் எனப் பவணந்தி முனிவர் பகுத்துக் காட்டுகிறார். நிறுவனங்கள் இணையவழி அளிக்கும் பயிற்சி முதற் காற்கூற்றை ஒத்தது. பக்கத்து இருக்கையில் பிழை திருத்தப்படுவதைக் காணல், தேநீர் வேளையில் சிறு ஐயத்தைக் கேட்டல் ஆகியன இரண்டாவதன்பாற்படும். திரைவழியே கேட்பதாயின், புதியவர் ஒவ்வொரு முறையும் பிறர் நேரத்தை வேண்டிப் பெறவேண்டியுள்ளது. அறியாமை வெளிப்படும் என்னும் அச்சத்தால் வாளாவிருப்போரும் உளர்.

இதனால் அனைவரையும் நாள்தோறும் அலுவலகத்திற்கு அழைத்தல் வேண்டும் என்பது பெறப்படாது. கேட்கும் சுமையைப் புதியவரிடமிருந்து மூத்தவர்க்கு மாற்றுவதே தேவை. குறித்த நாள்களில் உடனிருத்தல், குறித்த வேளையில் தாமே அழைத்து வினவுதல் ஆகியன மூத்தவரின் பணிநேரக் கணக்கில் சேர்க்கப்படவேண்டும். பிறர்க்கு உரைத்தலே புலமையின் பாதி எனின், இது மூத்தவர் செய்யும் ஈகை அன்று. தம் கல்வியை நிறைவுசெய்துகொள்ளும் கடமை எனலாம்.