கல்லான மரமும் காணாமல் போன காடும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளம், முழுக்கக் கல். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்கு அறிவித்தார். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். அடித்துவரப்பட்ட மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது. காற்று புகாததால் சீக்கிரம் மட்கவில்லை. மண்ணில் ஊறிய நீர் கரைத்துக் கொண்டுவந்த சிலிக்கா, செல் செல்லாக நிரம்பி இறுகியது. அவ்வளவும் கூடி வர வேண்டும், ஒரு மரம் கல்லாக!

அந்த மரம் வளர்ந்த காட்டில் நின்றபடியே பட்டுப்போன மற்ற மரங்கள்? பூச்சியும் பூஞ்சையும் தின்று தீர்த்திருக்கும். எலும்போ ஓடோ இல்லாத புழுவுக்கும் ஜெல்லிமீனுக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு. புதைந்தவற்றிலும் பல, பின்னாளில் பாறையோடு சேர்ந்து அரித்துப் போயின. பக்கத்து அரியலூர்ப் பாறைகளில் சிப்பியும் நத்தையும் குவிந்து கிடக்கின்றன என்பதற்காக, அன்றைய நிலத்தில் உயிர்கள் குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சாத்தனூர் போனால் கண்ணாரப் பாருங்கள். நினைவுக்கென்று ஒரு சில்லுகூடப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள்.