விரலால் மறைத்துப் பாருங்கள்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் பற்றி ஒரு பந்தியைக் கொடுத்து, அக்கோயில் இருக்கும் படுவான்கரைப் பிள்ளைகளிடம் மையக்கருத்தைக் கேளுங்கள். "கல் நந்தி புல் தின்றது" என்று பலர் எழுதக்கூடும். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயரை நந்தி எழுந்து புல் தின்று மிரட்டிய ஐதீகம் யாருக்குத்தான் மறக்கும்! அந்த வரியை விரலால் மறைத்து வாசியுங்கள், பந்தி குலையாது. லிங்கம் தானாகவே தோன்றியது என்ற வரியை மறைத்தாலோ, கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடனும், அதிலிருந்து கசிந்த இரத்தமும், கோயிலின் பெயரும் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்துவிடும். நந்தி கோபிக்காது. அதன் இடம் எப்போதும் மூலவருக்கு எதிரேதானே.