கதவு திறந்தால் போதுமா?

'திறந்தநிலைக் கல்வி' என்னும் தொடர் இன்று விளாத்திகுளத்துக் கரிசல் பூமியிலும் பழகிய சொல்லாகிவிட்டது. மிளகாய் வத்தல் காயும் களத்தின் ஓரத்தில் அமர்ந்து, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர் கணிதம் நடத்துவதைக் கைப்பேசியில் கேட்க இன்று எவராலும் இயலும். அதற்குக் காசு கேட்பார் இல்லை. என்ன சாதி, எத்தனை மதிப்பெண் என்று விசாரிப்பாரும் இல்லை. கல்லூரி வாசலை மிதிப்பதற்குக் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பேருந்து ஏறவேண்டியிருந்த மக்களுக்கு இது சிறிய காரியமன்று. ஆயினும் ஒரு வினாவை எழுப்பாமலிருக்க நம்மால் இயலவில்லை. கதவைத் திறந்து வைத்தவரின் கடமை, திறந்ததோடு தீர்ந்துவிடுகிறதா?

இக்கதவு ஒரே நாளில் திறக்கப்பட்டதன்று. 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அதனைத் தென்பாண்டிச் சீமைக்குக் கொணர்ந்தது. அந்நாளில் விளாத்திகுளம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இப்பகுதிக் கல்லூரிகளுக்கு மதுரையே தாய்ப் பல்கலைக்கழகம். தபால்காரர் கொணரும் பாடக்கட்டுகளைப் படித்து, தொடர்பு வகுப்புகளுக்குப் போய்வந்து, பள்ளி ஆசிரியர்களும் அலுவலக எழுத்தர்களும் திருமணமான பெண்களும் பட்டம் பெற்றனர். 'தபாலில் படித்தவர்' என்று அவர்களை இளக்காரமாகப் பேசியோரும் உண்டு. அப்படிப் பேசியவர்களுள் பலர் தந்தையார் பணத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

பின்னர் 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எழுந்தன. 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தின் வழியாகத் தம் பாடங்களை அனைவருக்கும் இலவசமாக அளிக்கத் தொடங்கின. 2017-இல் நடுவண் அரசின் 'ஸ்வயம்' வந்தது. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. ஒரு பட்டப் படிப்பையே இணையவழியில் தொடங்கியது. நுழைவுத் தேர்வு வைத்து இலட்சக்கணக்கானோரைக் கழித்துச் சிலரை மட்டும் எடுத்துக்கொள்ளும் அதே நிறுவனம், முதலில் நான்கு வாரப் பாடத்தைப் படியுங்கள், அதில் வைக்கும் தகுதித் தேர்வில் தேறுங்கள், சேரலாம் என்று சொல்லிற்று. கழிப்பதற்குமுன் கற்பிப்பது என்னும் இம்முறை, நீதியுணர்வு உள்ள எவரும் வரவேற்கத்தக்கது.

'ஸ்வயம்' என்னும் பெயர் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அதன் பொருள் 'தானே', 'தன்னால்' என்பதாகும். மனிதன் தானே கற்கிறானா?

கற்கலாம் என்பதற்கு ஏகலைவன் சான்று. துரோணரின் மண் உருவத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு வில்வித்தை பயின்றவன் அவன். இன்று பதிவு செய்யப்பட்ட பாடத்தின் எதிரே தனித்து அமர்ந்திருக்கும் மாணவனுக்கு அவனே மூதாதை. ஆனால் அக்கதையில் கற்றல் தோற்கவில்லை. கற்றதை ஏற்க அரண்மனைக்கு மனமில்லை என்பதுதான் கதை. நம் நாட்டிலும் அத்தகையது நிகழ்ந்ததுண்டு. பள்ளிப் படிப்பை முடிக்காதோரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்து பட்டம் பெற வழி திறக்கப்பட்டது. 2009-இல் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பின்னர் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்பது அதன் சாரம். வெளிக்கதவைத் திறந்த வீட்டில் உள்கதவு சாத்தப்பட்டது. தரத்தைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அழைத்துவிட்டுப் பிறகு மறுப்பது, அழைக்காமலே இருந்ததைவிடக் கொடியதல்லவா?

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். 2025-இல் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட புனித ஜான் ஹென்றி நியூமன், 1852-இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். கூடி வாழ்தலும் ஆசிரியரின் கண்காணிப்பும் இன்றி, தேர்வில் வென்றவர்க்கெல்லாம் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் ஒன்று. பாடமோ தேர்வோ இல்லாமல் இளைஞரைச் சில ஆண்டுகள் ஒன்றாக வாழ வைக்கும் பல்கலைக்கழகம் மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமெனில் தாம் இரண்டாவதையே தேர்வதாக அவர் துணிந்து கூறினார். மனத்தோடு மனம் உரசும்போதே அறிவு பிறக்கிறது என்பது அவரது துணிபு. அதில் உண்மை உண்டு. ஆயினும் ஆக்ஸ்போர்டில் கூடி வாழ்ந்தவர்கள் யாருடைய பிள்ளைகள்? உப்பளத்தில் கூலிக்குப் போகும் தாயின் மகளை அங்கே யார் கூட்டிச் சேர்த்தார்கள்? நியூமன் போற்றிய அந்த உடனிருப்பு உயர்ந்ததுதான். அது ஒரு சிலருக்கே கிட்டியது என்பதும் உண்மைதான். 1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம், எங்கிருந்து படித்தவரும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று அறிவித்தபோது, கிட்டாதவர்களுக்கு ஒரு வழி பிறந்தது.

இவ்விரண்டையும் இணைக்க முயன்றது, 1971-இல் முதல் மாணவர்களை ஏற்ற பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். முன்தகுதி ஏதும் கேட்கவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் பாடங்களை வீட்டுக்குக் கொண்டுசேர்த்தன. அத்துடன் நில்லாமல், விடைத்தாளைத் திருத்திக் குறிப்பெழுதி அனுப்பும் பயிற்றாசிரியர் ஒருவரையும், அருகே சென்று கூட ஒரு படிப்பு மையத்தையும் அது தந்தது. கதவருகே ஓர் ஆள் நின்றார்.

2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் திறந்துவிட்டபோது, 1,60,000 பேர் பதிவு செய்தனர். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000. உலகக் கல்வியே மாறிவிட்டதென்று அப்போது ஆரவாரம் எழுந்தது. அப்பாடத்தை நடத்தியோருள் ஒருவரான செபாஸ்டியன் த்ரூன் நிறுவிய 'உடாசிட்டி', 2013-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கணிதத்தில் பின்தங்கியவர்களும் ஏழைப் பள்ளிகளின் மாணவரும் அடங்கிய ஒரு கூட்டத்தாருக்கு இணையப் பாடங்களை நடத்திற்று. வகுப்பறையில் பயின்றவர்களைக் காட்டிலும் அவர்களது தேர்ச்சி வெகுவாகக் குறைந்தது. சில மாதங்களில் முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. இடையே நடந்த கோடைப் பருவத்தில் தேர்ச்சி உயர்ந்ததும் உண்மையே. ஆனால் அப்பருவத்தில் சேர்ந்தவர்களுள் பலர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்! முதலில் தோற்ற மாணவர்கள் கடினமான சூழலிலிருந்து வந்தவர்கள், கணினி வசதி குறைந்தவர்கள், இம்முறை அவர்களுக்குப் பொருந்தவில்லை என்ற கருத்தில் த்ரூன் பின்னர் பேசினார். யாருக்காகக் கதவு திறக்கப்பட்டதோ அவர்களே கதவுக்குப் பொருந்தாதவர்கள் ஆனார்கள். நோயுற்றோர்க்குப் பொருந்தாத மருந்தை எப்பெயரிட்டு அழைப்பது?

ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 2017-18-இல் சேர்ந்தவர்களுள் முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே என்று கண்டது. பாதியில் நிற்போர் எல்லாரும் தோற்றவர்கள் அல்லர். வேண்டியதை மட்டும் கற்றுக்கொண்டு சென்றவர்களும் இருப்பர். ஆனால் அவ்வாய்வு காட்டிய மற்றொன்று நம்மை உறுத்துகிறது. இப்பாடங்களைக் கற்போர் பெரும்பாலும் வளம் மிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

ஆகவே நம் அச்சம் இணையத்தைப் பற்றியதன்று. வீட்டைவிட்டு வெளியே போக அனுமதிக்கப்படாத பெண்ணுக்கு அந்தச் சிறு திரை ஒரு விடுதலை; அதைப் பழிப்போருடன் நமக்கு உடன்பாடில்லை. நாம் அஞ்சுவது வேறொரு பங்கீட்டை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரும் நண்பர் குழாமும் நூலகமும். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திரை. 'உனக்கும் திறந்துதானே இருக்கிறது, நீதான் முடிக்கவில்லை' என்று பழியையும் அப்பிள்ளையின் தலையிலேயே சுமத்திவிடலாம். முன்பு வாய்ப்பு மறுக்கப்பட்டவன் சமுதாயத்தைக் கேள்வி கேட்டான். இன்று வாய்ப்பு தரப்பட்டதாகச் சொல்லப்படுபவன் தன்னையே நொந்துகொள்கிறான்.

உடனிருக்கும் ஆள் வேண்டும் என்பதை அறியாதவர்கள் அல்லர் என்.பி.டி.இ.எல். நடத்துவோர். ஆயிரக்கணக்கான கல்லூரிகளில் அதற்கு உள்ளூர்க் கிளைகள் உண்டு. பொறுப்பாசிரியர் ஒருவர் மாணவரைப் பதிவு செய்ய வைத்து, வாரப் பயிற்சிகளை நினைவூட்டி, தேர்வுக்கு ஆயத்தப்படுத்துகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஆசிரியர், ஏற்கெனவே கல்லூரிக்குள் இருக்கும் மாணவருக்கே கிடைக்கிறார். கல்லூரிக்கு வெளியே, பகலில் கரிமூட்டத்திலோ தீப்பெட்டி ஆலையிலோ உழைத்துவிட்டு இரவில் படிக்க அமர்பவருக்கு அவர் இல்லை. பாடம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. ஒரு சொல் புரியாவிட்டால் கேட்க ஆள் இல்லை. சான்றிதழ் வேண்டுமெனில் கட்டணம் செலுத்தி, தேர்வு மையம் இருக்கும் நகருக்கு நேரில் செல்ல வேண்டும். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் அவரைச் சேர்ந்தவை.

இவற்றுள் அரசு செய்யவேண்டியவை பல; அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆனால் வாரம் இரண்டு மாலைகள் ஒருவரோடு அமர்வதற்கு அரசாணை தேவையில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லாத பங்கு நம் பகுதியில் மிகக் குறைவு. பங்குக்குச் சொந்தமான அரங்கங்களோ, திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் திறந்து, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே வந்து அமரும் ஆசிரியர் தரவு அறிவியலைக் கற்பிக்க வேண்டியதில்லை. அது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். சென்ற வாரப் பயிற்சியை அனுப்பினாயா, ஏன் அனுப்பவில்லை, எந்த இடத்தில் நின்றுவிட்டாய் என்று கேட்க அவரால் முடியும். தேர்வு நாளன்று தூத்துக்குடிப் பேருந்தில் உடன் செல்லவும் முடியும்.