சொல்லாத முதுகுவலி

செட்டிக்குளம், பாடாலூர் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களையெடுக்கக் குனியும் பெண்கள், பொழுது ஏறும்வரை நிமிர்வது அரிது. அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குகிறவர்களுக்கும் அதே குனிவுதான். முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தால் வேலையைச் சொல்வார்கள், வயதைச் சொல்வார்கள், பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசியைச் சொல்வார்கள். மார்பின் பாரத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். டாக்டரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

பெரிய மார்பகங்கள் இரண்டும் சேர்ந்து இரண்டு, மூன்று கிலோகூட இருக்கும். அந்த எடை முன்பக்கம் இழுக்க, கழுத்தும் தோளும் முதுகும் நாள் முழுக்க அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கின்றன. நாளடைவில் மேல்முதுகு கூன் விழும். தலை முன்னே நீளும். இடுப்பு அளவுக்கு மீறி உள்வளையும். தோளில் பாடியின் வார் அழுந்திய இடம் பள்ளமாகவே நின்றுவிடும். சிலருக்குக் கை மரத்துப்போகும்; மார்பின் அடிமடிப்பில் வியர்த்துப் புண்ணாகும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனவர்களுக்கு அது நிஜமான நோவு.

வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடம் போகும் பெண், கேலிக்குப் பயந்து பையை நெஞ்சோடு அணைத்துத் தோளைக் குறுக்கி நடக்கிறாள். அவளைப் பார்த்து ‘கூன் போடாதே’ என்று அதட்டுவது அநியாயம்.

முதலில் பார்க்க வேண்டியது உள்ளாடையை. பாரத்தைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை. தோள் வார் அல்ல. கடையில் ஆண்கள் நிற்கிறார்கள் என்று அளவை முணுமுணுத்து, கொடுத்ததை வாங்கி வருகிறவர்களே அதிகம். தையல் டேப்பால் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். முதுகுத் தசைக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியும் உதவும்.

அதற்கும் அடங்காத வலி உண்டு. ‘உடம்பைக் குறை, சரியாகிவிடும்’ என்பது சுலபமான பதில். 2002இல் அமெரிக்காவில் வெளியான ‘பிராவோ’ ஆய்வில், கடும் தொந்தரவு இருந்த பெண்களுக்கு எடைக்குறைப்போ விசேஷ உள்ளாடையோ நிரந்தரத் தீர்வு தரவில்லை. மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சையே தந்தது. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பக அழகு சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது, ஏழைகளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. வலியோடு களையெடுப்பவளுக்கு மார்பகக் குறைப்பு அழகு சமாச்சாரமே அல்ல.

2022 முதல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடுத்த முறை முதுகுவலிக்குப் போகும்போது மார்பின் பாரத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தோளில் பள்ளம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.