கண்காணியும் காமிராவும்

‘கண்காணி’ என்னும் சொல் நம் மொழியில் இருவேறு வாழ்வு வாழ்ந்திருக்கிறது. இலங்கையின் தேயிலை மலைகளில் அது ‘கங்காணி’ ஆயிற்று. தன் ஊராரையே ஆள்கட்டிக் கடல் கடத்தி, முன்பணக் கடனில் பிணித்து, கொழுந்து பறிக்கும் கைகளைப் பின்நின்று பார்த்தவன் அவன். கடன் எழுதிய ‘துண்டு’ச் சீட்டோடு தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய வழக்கம் 1921இல்தான் சட்டத்தால் விலக்கப்பட்டது. அதே சொல்லைத்தான் சீர்திருத்த சபையாரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு, பேதுருவின் முதல் திருமடலில் கிறிஸ்துவுக்குச் சூட்டியது. கிரேக்க மூலத்தில் அது ‘எபிஸ்கோபொஸ்’. நம் ஆயர்களைக் குறிக்க வழங்கும் சொல்லும் அதுவே. ஒருவரைப் பிடிப்பதற்காகவும் பார்த்துக்கொண்டிருக்கலாம், பேணுவதற்காகவும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கடையிலும் தொழிற்கூடத்திலும் அலுவலகத்திலும் இன்று கூரையில் தொங்கும் காமிரா இவ்விருவருள் எந்தக் கண்காணி?

காமிராவைப் பழித்து ஒதுக்குவது எளிது, அது நேர்மையாகாது. கல்லாவில் பணம் குறைந்தால் முதலில் ஐயத்துக்கு ஆளாகிறவர் பெரும்பாலும் கடைநிலை ஊழியரே. அவர் குற்றமற்றவர் என்பதற்குக் காமிராப் பதிவும் சாட்சியாக நிற்கக்கூடும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு வாயிற்புறத்துக் காமிரா ஒரு துணை. ஏழாம் கட்டளையோ முதலாளி, தொழிலாளி இருவருக்கும் பொதுவானது.

ஆயினும் எல்லை எது? ஸ்பெயின் நாட்டில் பார்சலோனாவை அடுத்த ஒரு பேரங்காடியில் 2009ஆம் ஆண்டு சரக்கிருப்புக்கும் விற்பனைக்கும் பெரும் வேறுபாடு காணப்பட்டது. மேலாளர் வாயில்களில் வெளிப்படையாகக் காமிராக்களைப் பொருத்தி, அதை ஊழியருக்கு அறிவித்தார். பணம் பெறும் மேடைகளுக்கு மேல் வேறு சிலவற்றை மறைத்து வைத்தார். அவற்றைப் பற்றிச் சொல்லவில்லை. பத்தே நாளில் களவு வெளிப்பட, பதினான்கு பேர் வேலையிழந்தனர். அவர்களுள் ஐந்து பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2018இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. 2019இல் பேரமர்வு பதினான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. ஐயத்துக்குக் காரணம் இருந்தது, காலம் குறுகியது, பதிவைப் பார்த்தவர் சிலரே என்பன அதன் நியாயங்கள். உடைமாற்றும் அறை, கழிவறை போன்ற இடங்களின் மறைவு மிக உயர்ந்த காப்புக்குரியது என்றும் அது கூறியது. களவை நாம் மறுக்கவில்லை. எனினும் நம் மனம் அந்த மூவர் பக்கமே சாய்கிறது. வாயிலைக் காட்டி மேடையை மறைத்தது, பாதி உண்மையைச் சொல்லி ஏமாற்றியதாகாதா? ஐயம் அவ்வளவு வலுத்திருந்தால் காவல்துறையை நாடியிருக்கலாமே!

நம் ஊருக்கு வருவோம். கடைகளில் நின்றபடியே வேலை செய்யும் பணியாளர் உட்கார இருக்கை வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் திருத்தின. உட்காருவதற்கும் சட்டம் வேண்டியிருந்தது! நாற்காலி வந்த பின்னும், காமிராவுக்கு அஞ்சி நின்றுகொண்டே இருக்கும் பெண்ணுக்கு அச்சட்டத்தால் என்ன பயன்? அவள் அமர்ந்ததைக் காமிரா நிமிடக் கணக்கோடு காட்டும். அவள் கால் வீக்கத்தை அது சொல்லாது. தோட்டத்துக் கங்காணி கொடியவனாக இருந்தாலும் முகம் உடையவன். அவனிடம் முறையிடலாம், வாதாடலாம். காமிராவுக்குப் பின்னால் யார் என்பதே இவளுக்குத் தெரியாது. உழைப்பின் மதிப்பு அதைச் செய்பவர் மனிதர் என்பதில் வேரூன்றியது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் ‘லபோரம் எக்ஸர்சென்ஸ்’ மடலில் கற்பித்தார். அளந்து பார்க்க மட்டுமே ஒருவரைப் பார்க்கும்போது அந்த மனிதர் மறைந்து, வேலை மட்டும் எஞ்சுகிறது.

தொடக்கநூலில் ஆகார் என்றொரு பணிப்பெண் வருகிறாள். தலைவியின் கொடுமை தாளாமல் பாலைக்கு ஓடியவள். அங்கே தன்னைக் கண்ட இறைவனுக்குக் ‘காண்பவர்’ என்ற பொருளில் பெயரிட்டவளும் அவளே. அவள் திரும்பிப் போகுமாறு பணிக்கப்பட்டது இன்றும் நம்மை உறுத்தும் பகுதிதான். எனினும் ஒன்றைக் கவனிப்போம்: எங்கிருந்து வந்தாள், எங்கே போகிறாள் என்று முதலில் அவளிடமே கேட்கப்பட்டது. காண்பவர் கேட்கவும் செய்தார்.

தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பாகவும், இழப்பிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் முதலாளி ஊழியரின் இசைவின்றியே அவரைப் பற்றிய தரவைக் கையாள வழிவகுக்கிறது. சட்டம் தளர்த்திவிட்ட இடத்தில் நிர்வாகிகளின் மனச்சான்றுதான் எஞ்சி நிற்கிறது. அந்த நிர்வாகிகளுள் நாமும் உண்டு. நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பங்கு அலுவலகங்களிலும் காமிராக்கள் இருக்கின்றன. அவை எங்கெங்கே உள்ளன என்பது ஊழியர் அனைவருக்கும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா? பதிவைப் பார்க்கும் உரிமை யாருக்கு, அது எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பது எழுத்தில் இருக்கிறதா? விளக்கம் கேட்கும் முன்னரே யாருக்கேனும் தண்டனை எழுதப்பட்டதா? ஆசிரியர்கள் மதிய உணவு உண்ணும் அறையில் காமிரா எதற்கு? நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இவற்றைக் கேட்கலாம். அந்தக் கூட்டத்தில் ஊழியர் ஒருவரும் அமர்ந்திருப்பது நல்லது.